வால்வெள்ளி பார்க்க வாய்த்த மண்

1910 மே மாதத்தின் முதற்பாதி. விடியலுக்கு முன் கிழக்கு வானத்தில் ஹேலி வால்வெள்ளி நின்றது. நாள் போகப்போக அதன் வால் நீண்டுகொண்டே வந்தது. மே 18ஆம் திகதியளவில் அது அடிவானத்தில் தொடங்கி உச்சியையும் தாண்டிக் கிடந்தது. அந்த வாலுக்குள் பூமி புகுந்து வெளியேறப் போகிறது என்று வானியலாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வாலில் சயனோசன் என்ற நச்சு வாயு இருப்பதை அமெரிக்காவின் யேர்க்ஸ் அவதான நிலையம் சில மாதங்களுக்கு முன்னர்தான் கண்டறிந்திருந்தது. இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் குலை நடுங்கியது. மேலை நாடுகளில் ‘வால்வெள்ளி மாத்திரை’ விற்றுப் பணம் பண்ணினார்கள். மே 6இல் லண்டனில் ஏழாம் எட்வேட் மன்னர் இறந்தார். இலங்கைக்கும் அவர்தான் அப்போது மன்னர். வால்வெள்ளி வந்தால் அரசனுக்கு ஆகாது என்று நம்பியிருந்தவர்களுக்கு இதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை.

அந்த நாட்களில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் கணித ஆசிரியர் ஒருவர் பயப்படுவதை விட்டுவிட்டு அந்த வால்வெள்ளியின் போக்கைக் கணித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். காரைநகரைச் சேர்ந்த அலன் ஆபிரகாம். 1865இல் அம்பலவாணர் என்ற பெயரோடு பிறந்தவர், கணிதமும் வானியலும் கற்பித்தவர், தமிழிலும் தேர்ந்தவர். ஹேலி பற்றிய ஆய்வு அவருடைய பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது. 1912இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. 1922இல் அவர் மறைந்தார்.

யாழ்ப்பாணத்துப் பெரியோர் பட்டியல்களில் அவருக்கு ஒரு பந்தி கிடைக்கிறது. அவர் செய்த வேலையின் அருமை அந்தப் பந்திக்குள் அடங்காது. ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணிப்பதென்றால் என்னவென்று பாருங்கள். வெவ்வேறு இரவுகளில் அது நின்ற இடத்தை விண்மீன்களுக்கிடையே துல்லியமாகக் குறிக்கவேண்டும். குறைந்தது மூன்று இரவுகளாவது வேண்டும். அந்த மூன்று புள்ளிகளிலிருந்து அது சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்தின் அளவையும் சாய்வையும் வெளியே எடுக்கவேண்டும். பிறகு வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுத்துத் திருப்பும் என்பதைச் சேர்க்கவேண்டும். கணிப்பொறி இல்லாத காலம். மடக்கை அட்டவணையும் பென்சிலும் பொறுமையும்தான் கருவிகள். எட்மண்ட் ஹேலி 1705இல் செய்ததும் இதைத்தான். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றும் ஒரே வால்வெள்ளிதான், 1758இல் மறுபடி வரும் என்று எழுதிவைத்துவிட்டு 1742இல் அவர் இறந்துபோனார். சொன்னபடியே 1758ஆம் ஆண்டின் நத்தார் இரவில் அதை முதலில் கண்டவர் பாலிட்ஸ் என்ற ஜெர்மன் விவசாயி. வீட்டில் ஒரு தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்துவந்த மனிதர் அவர்.

வட்டுக்கோட்டையும் அராலியும்

ஆபிரகாம் திடீரென்று முளைத்தவரல்லர். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினறியில் வானியல் முக்கியமான பாடம். அதன் முதல் அதிபர் டானியல் பூவர் காலத்தில், 1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலியின் பேர்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் பூவரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எவர் கணக்குச் சரியென்று பார்க்க அன்றிரவு வானத்தையே பார்த்தார்கள். தம் கணக்கே பலித்தது என்று மிஷனரிமார் எழுதிவைத்தார்கள். மதம் மாற்றும் நோக்கமும் அந்த எழுத்துக்குள் இருந்தது என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. இரண்டு தரப்பும் வானத்தை நடுவராக ஏற்றன. கொக்குவிலிலும் மட்டுவிலிலும் இன்றுவரை பஞ்சாங்கம் கணிக்கப்படும் மண் இது. அராலி இராமலிங்க முனிவர் 1667இல் பஞ்சாங்கம் கணித்த நாளிலிருந்து அந்தச் சங்கிலி அறுபடவில்லை. பூவருக்குப் பின்வந்த அதிபர்களில் ஒருவரான ஹொய்சிங்டன் 1848இல் யாழ்ப்பாணத்து அச்சகத்திலேயே தமிழ் வானியல் நூல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார் என்றால், உள்ளூர்க் கணிதத்தை அவர்களாலும் தள்ளிவிட முடியவில்லை என்றுதானே பொருள்.

பஞ்சாங்கம் கிரகணத்தைச் சொல்லும். வால்வெள்ளியைச் சொல்லாது. கிரகணம் சூரியன், சந்திரன் இரண்டின் ஒழுங்கான நடையில் விளைவது. வால்வெள்ளியோ அழைக்காமல் வருவது. அதனால்தான் அது அச்சமூட்டியது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் காவிரியின் வளம் பாடும் இளங்கோவடிகள், வால்வெள்ளி தோன்றுவதையும் மழை பொய்ப்பதற்கான தீக்குறிகளுள் ஒன்றாக வைக்கிறார். அப்படித் தோன்றினாலும் காவிரி வற்றாது என்பது சோழநாட்டின் பெருமை.

யாழ்ப்பாண வரலாற்றிலும் அச்சத்துக்குத் தோதான ஓர் ஆண்டு இருக்கிறது. 1618 நவம்பர், டிசம்பரில் ஒரு பெரிய வால்வெள்ளி வந்தது. வடக்கே முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் அதை எழுதினார். கோவாவில் கிர்விட்சர் என்ற யேசுசபைத் துறவி தொலைநோக்கியால் பார்த்து ஒரு நூலே வெளியிட்டார். அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூரைப் பிடித்துக்கொண்டான், சங்கிலியன் சிறைப்பட்டான், யாழ்ப்பாண அரசு முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம்போலத் தோன்றும். கண்ணுக்கு எட்டும் பெரிய வால்வெள்ளி சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒன்றாவது வருகிறது. அதன் முன்னும் பின்னும் ஓராண்டுக்குள் உலகின் ஏதோவொரு மூலையில் அரசனொருவன் இறந்தோ தோற்றோ இருப்பான். வால்வெள்ளி வராத ஆண்டுகளிலும் அரசர்கள் இறந்தார்கள். அவற்றை எவரும் கணக்கில் வைக்கவில்லை.

சரியான அகலாங்கு, தட்டையான நிலம்

யாழ்ப்பாணக் குடாநாடு வால்வெள்ளி பார்ப்பதற்கு மிக நல்ல இடம். இதை ஊர்ப்பற்றினால் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசும் கலந்த சில கிலோமீற்றர் அகலமான ஒரு திணிவு. சூரியனுக்கு அருகே வரும்போது பனி ஆவியாகி, தூசையும் கிளப்பிக்கொண்டு வெளியேறுகிறது. அந்த ஆவியையும் தூசையும் சூரியனின் ஒளியும் அங்கிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களும் அப்பால் தள்ளுகின்றன. ஆகவே வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். வால்வெள்ளி சூரியனைவிட்டு விலகிப்போகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே வரும். சூரியனுக்கு அருகே இருக்கும்போதுதான் அது மிகப் பிரகாசமாகும். அதாவது மிகச் சிறந்த காட்சி பெரும்பாலும் சூரியன் மறைந்த சற்று நேரத்தில், அல்லது உதிப்பதற்குச் சற்று முன்னர், அடிவானத்தை ஒட்டித்தான் கிடைக்கும்.

இங்கேதான் குடாநாட்டின் அமைப்பு உதவுகிறது. இது பூமத்திய கோட்டிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சூரியன் இங்கே ஏறக்குறைய நேராக இறங்குகிறது. அது மறைந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முழு இருட்டு வந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் இரவு முழுவதும் வானத்தில் மங்கல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே சூரியனோடு சேர்ந்தே சாய்ந்து கிடக்கும் வால்வெள்ளி, இங்கே சூரியன் போன பிறகும் அதற்கு மேலே நிற்கும்.

வடக்கும் தெற்கும் நமக்குத் தெரிவது அடுத்த வாய்ப்பு. துருவ நட்சத்திரம் பருத்தித்துறைக் கடலுக்கு மேலே பத்துப் பாகை உயரத்தில் நிற்கிறது. சித்திரை மாத இரவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை தெரிகிறது. 1986 ஏப்ரல் 11இல் ஹேலி பூமிக்கு மிக அருகே வந்தபோது அது தென்வானத்தில் வெகுதூரம் இறங்கியிருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அன்று அது உதிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் முப்பது பாகைக்கு மேல் உயர்ந்து நின்றது.

மூன்றாவது, மலை இல்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமேயான தட்டை நிலம். சுற்றிவரக் கடலும் கடனீரேரியும். கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவர் அடிவானத்தைக் காணவே மலையேறவேண்டும். இங்கே பனங்கூடலை விட்டு வெளியே வந்து கரைக்குப் போனால் போதும்.

மழைதான் குறுக்கே வருகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. வானம் கிடைப்பது அதிர்ஷ்டம். மாசி, பங்குனி, சித்திரை நல்ல காலம். 1970 முதல் 1997 வரை வந்த பெரிய வால்வெள்ளிகளின் பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1970இன் பென்னெட், 1976இன் வெஸ்ட், 1986இன் ஹேலி, 1996இன் ஹயாகுடாகே, 1997இன் ஹேல்-பொப். ஐந்தும் தம் சிறப்பைக் காட்டியது பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில். யாழ்ப்பாணத்தின் தெளிந்த வானத்துக்கென்றே திகதி குறித்து வந்தவைபோல வந்தன.

1996 பங்குனி

அவை வந்தபோது நாங்கள் எந்த நிலையில் இருந்தோம்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, படை நடவடிக்கை நெருங்கிவர, வலிகாமம் பெயர்ந்தது. செம்மணி வெளியூடாக, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில் எங்கும் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் மாமரத்தடியிலும் குடும்பங்கள் கிடந்தன. 1990இலிருந்தே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த சிறுவிளக்குத்தான் இரவு வெளிச்சம். பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்கவேண்டும்.

அந்த நிலையில் 1996 ஜனவரி இறுதியில், ஜப்பானில் யூஜி ஹயாகுடாகே என்ற வானியல் ஆர்வலர் ஒரு பெரிய பைனாகுலரால் வானத்தைத் துழாவும்போது ஒரு வால்வெள்ளியைக் கண்டார். எட்டே வாரத்தில், மார்ச் 25இல் அது பூமியிலிருந்து ஒன்றரைக் கோடி கிலோமீற்றர் தொலைவில் கடந்தது. வால்வெள்ளிக் கணக்கில் இது உரசிக்கொண்டு போவதற்குச் சமம். மார்ச் 23ஆம் திகதி இரவு அது சுவாதி நட்சத்திரத்துக்கு அருகே இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் சுவாதி யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும். இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிட்டது. அடுத்தடுத்த இரவுகளில் அது சப்தரிஷி மண்டலத்தைக் கடந்து துருவ நட்சத்திரத்தை நோக்கிப் போனது. இருட்டான இடங்களிலிருந்து பார்த்தவர்கள் வால் எண்பது பாகைக்கும் மேலே நீண்டிருந்ததாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் இருட்டைத் தேடி நகரத்தைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கார் ஓட்டிப் போனார்கள். தென்மராட்சியில் இருட்டு இருந்தது. வானம் முழுவதும் இருந்தது. ஆனால் அந்தச் சனம் வானத்தை அண்ணாந்து பார்த்தது கிபிர் போர் விமானம் வருகிறதா என்று அறியத்தான். இரவில் வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது படையினர் ஏவும் பரா லைட். ஏப்ரலில் அடுத்த படை நடவடிக்கை தென்மராட்சிக்குள் வந்தது. சனம் மறுபடி வலிகாமத்துக்குத் திரும்பியது. ஒரு பகுதி வன்னிக்குப் போனது.

அந்த இருட்டை நான் மெச்சவில்லை. அது திணிக்கப்பட்ட இருட்டு. ஆனாலும் மரத்தடியில் படுத்து, நித்திரை வராமல் மேலே பார்த்தவர்களுள் சிலராவது அந்தப் பச்சை கலந்த வெண்புகையைக் கண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஹேல்-பொப் வந்தது. பதினெட்டு மாதம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த வால்வெள்ளி அது. அந்த வகையில் சாதனை. 1997 ஏப்ரலில் மாலை வடமேற்கில் தாழ்வாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் இரவு ஊரடங்கு. 2007 ஜனவரியில் மக்நோட் வந்தது. பகலிலேயே தெரியுமளவு பிரகாசம். அப்போது குடாநாட்டுக்கான தரைவழியான ஏ-9 பாதை மூடப்பட்டு ஐந்து மாதம். ஒரு தலைமுறைக்கு வாய்த்த மிகப் பெரிய மூன்று வால்வெள்ளிகளும் எங்களைப் பூட்டிவைத்த காலங்களிலேயே வந்துபோயின. போரினால் இழந்தவற்றுள் இது மிகச் சிறியது. ஆனாலும் இழப்புத்தான்.

எப்படிப் பார்ப்பது

அண்மையில் வந்த பெரியவற்றுள் ஒன்று 2023இல் சீனாவின் ஊதாமலை அவதான நிலையமும் அட்லஸ் தொலைநோக்கித் தொகுதியும் கண்டுபிடித்த ட்சூசின்ஷான்-அட்லஸ். 2024 செப்டெம்பர் இறுதியில் விடியலுக்கு முன் கிழக்கிலும், ஒக்டோபர் 12இலிருந்து மாலையில் மேற்கிலும் தெரிந்தது. பருவமழைக் கால முகில் விலகிய மாலைகளில் பார்க்க முடிந்தது. அடுத்தது எப்போது, எவ்வளவு பிரகாசமாக என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1973இல் கோகூடெக் பெரிதாக வரும் என்றார்கள், ஏமாற்றியது. 2013இல் ஐசோன் சூரியனை நெருங்கி உடைந்தே போனது. ஹயாகுடாகேக்குக் கிடைத்த அறிவித்தல் இரண்டு மாதம் மட்டுமே. ஆகவே பழக்கம் முன்கூட்டியே இருக்கவேண்டும்.

விடியற்காலத்து வால்வெள்ளிக்குக் கிழக்குக் கரை: மணற்காடு, வல்லிபுரம், தாளையடி. மாலைக்கு மேற்கு: கல்லுண்டாய் வெளி, அராலிக் கரை. வடமேற்கில் தாழ்வாக நிற்பதற்குக் காரைநகர் கசூரினா. தெற்குக்கு வேலணைச் சாட்டி. வடகடலில் இழுவைப் படகுகளின் விளக்கு வரிசை நிற்கும் இரவுகளில் பருத்தித்துறைப் பக்கம் அடிவானம் கெட்டுவிடும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். அதற்குள் ஒருமுறை கைத்தொலைபேசியைப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். விலையுயர்ந்த தொலைநோக்கி தேவையில்லை. நீண்ட வாலுக்கு அது உதவவும் உதவாது, ஏனெனில் அதன் பார்வைப்புலம் சிறியது. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் மிகச் சிறந்தது. மங்கலான வாலை நேரே உற்றுப்பார்க்காமல் சற்றுப் பக்கமாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். கண்ணின் ஓரப்பகுதி இருட்டில் கூர்மையானது. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் பத்துப் பாகை, சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை. வாலின் நீளத்தை அளக்க இது போதும். நிலவுள்ள இரவையும், சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும் நேரத்தையும் தவிருங்கள். பைனாகுலரில் சூரியன் பட்டால் கண் போய்விடும்.

வால்வெள்ளி கண்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1965இல் பகலிலும் தெரிந்த இகேயா-செக்கியைக் கண்ட இருவருள் காவோரு இகேயா பியானோத் தொழிற்சாலைத் தொழிலாளி. தொலைநோக்கி அவரே செய்தது. ஹேல்-பொப்பைக் கண்ட தோமஸ் பொப்பிடம் அன்று சொந்தத் தொலைநோக்கியே இல்லை; நண்பருடையதில் பார்த்தார். தமிழகத்தில் 1689இல் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ பாதிரியார், அதன் அருகே தற்செயலாகத் தொலைநோக்கியைத் திருப்பித்தான் அல்ஃபா சென்டோரி ஓர் இரட்டை விண்மீன் என்று கண்டார். சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல், ஒளிப்படத் தட்டொன்றில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு தம் பெயரையும் அதில் சேர்த்தார்.

காரைநகரும் வட்டுக்கோட்டையும் அந்தப் பட்டியலுக்கு அந்நியமான ஊர்களல்ல. எங்களிடம் இல்லாதது பதிவு. இருந்த இருட்டும் குறைகிறது: வீதிக்கு வீதி எல்.ஈ.டி விளக்குகள் மேல்நோக்கியும் ஒளியை இறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பும்படி உங்கள் பிரதேச சபையிடம் கேளுங்கள். செலவு அதிகமில்லை. விஞ்ஞான ஆசிரியர்களே, பாடசாலைக்கு ஒரு பைனாகுலரும் ஓர் அவதானக் கொப்பியும் வாங்கிவையுங்கள். திகதி, நேரம், இடம், திசை, வாலின் நீளம், அருகே நின்ற விண்மீன் ஆகிய ஆறும் எழுதப்பட்டால் அது விஞ்ஞானத் தரவு. வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் 1965 ஐப்பசியில் விடியலுக்கு முன் கிழக்கே என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். 1996 பங்குனியில் தென்மராட்சியில் இருந்தவர்களிடம், மார்ச் 23க்கும் 26க்கும் இடைப்பட்ட இரவுகளில் வானத்தில் ஏதும் கண்டார்களா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்பதையும் குறித்து, உங்கள் ஊர் வாசிகசாலையில் கொடுத்துவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.